தோட்டாவுக்கு என்ன எண்ணெய் போடறது?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். அதான் இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. இந்தப் பதிவுக்கான மேட்டர் பொங்கல் லீவுல ஊருக்குப் போனப்ப கிடைச்சது. வழக்கம் போல நீளமாத்தான் இருக்கும். ஒரு டீயை எடுத்துக்கிட்டு உக்காருங்க.

எங்க வீடு கடலூர் செம்மண்டலத்துல. நாலு வீடு தள்ளி ஒரு மாமா இருக்கார். சொந்த மாமா இல்லை, அப்பாவோட கூட்டாளி. ராணுவத்துல சுபேதாரா இருந்து ரிட்டையர் ஆனவர். அன்னிக்குக் காலையில அவரைப் பார்க்கப் போனேன். அவர் வீட்டு இரும்பு கேட்டு 'க்ரீச்ச்ச்'னு தெருவையே எழுப்புற மாதிரி கத்துச்சு. சும்மா இருக்க முடியுமா, நாமதான் இன்ஜினியராச்சே! அத்தைகிட்ட கேட்டு தேங்காய் எண்ணெய் பாட்டிலை வாங்கி கீல்ல ஊத்தப் போனேன். குலுக்கறேன், கவுக்கறேன், ஒரு சொட்டு வரலை. தை மாசக் குளிர்ல உள்ளே வெள்ளையா உறைஞ்சு கிடக்கு.

மாமா வாசல்ல நின்னு சிரிச்சார். "பாட்டில்லயே உறையற எண்ணெய் கீலுக்குள்ள போய் என்ன தம்பி பண்ணும்? போய் தையல் மிஷின் எண்ணெய் எடுத்துட்டு வா."

அப்படியே பேச்சு அவரோட பழைய 9 எம்.எம். பிஸ்டல் பக்கம் திரும்பிச்சு. ஒவ்வொரு தடவை சுடும்போதும் மேல இருக்கற ஸ்லைடு பின்னால போய், காலித் தோட்டாவை வெளியே தள்ளி, புதுசு ஒண்ணை உள்ளே ஏத்திக்கிட்டு முன்னால வரணும். இதெல்லாம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள நடக்கும். ரெண்டு இரும்பும் உரசற அந்தத் தடத்துல எண்ணெய் இல்லைன்னா ஸ்லைடு பாதியில நின்னுடும். சரி, தாராளமா ஊத்திடலாம்னா அதுவும் கூடாது. ராஜஸ்தான்ல மணல் வந்து எண்ணெய்ல ஒட்டி உப்புக் காகிதம் மாதிரி அரைக்கும். லடாக் குளிர்ல கனமான எண்ணெய் கூழாயிடும். கடலோரத்துல துடைச்சு வெச்சா ஒரே வாரத்துல துரு. "ஒரு எண்ணெய் நல்ல எண்ணெயான்னு கேக்கக் கூடாது தம்பி. எங்கே, எப்போ, யார் கையிலன்னு கேக்கணும்" அப்படின்னார்.

அதுக்கப்புறம் சொன்னார் பாருங்க: "இந்தக் கேள்வியைக் கேக்காம விட்டதுல ஒரு கம்பெனியையே இழுத்து மூடிட்டாங்க, தெரியுமா?"

"எந்த கம்பெனி மாமா, நம்ம லைன்லயா?"

"கிழக்கிந்தியக் கம்பெனி."

ஆஹா! 1857, பசுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, மங்கள் பாண்டே. எட்டாங்கிளாஸ் புத்தகத்துல ரெண்டு வரியில படிச்சதுதான். ஆனா அதை ஒரு மசகு எண்ணெய்ப் பரிசோதனையா நான் யோசிச்சதே இல்லை. ஊர்ல இருந்து வந்த பிறகு நாலஞ்சு வாரக் கடைசிகளை இதுலயே ஓட்டினேன். படிச்சதை நமக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்றேன்.

குண்டுசாலையில இருந்து ஆரம்பிப்போம்

செம்மண்டலம் பக்கத்துலயே குண்டுசாலை இருக்கு. கொஞ்சம் தள்ளி குண்டு உப்பலவாடின்னு ஊர். இந்த 'குண்டு' பீரங்கிக் குண்டுதான். 1690ல தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர்கள்கிட்ட இருந்து ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கிச்சு. அதுதான் பின்னால புனித டேவிட் கோட்டை. கோட்டையோட சேர்த்து எவ்வளவு நிலம்னு முடிவு பண்ண ஒரு வினோதமான ஏற்பாடு. பீரங்கியை நாலாபக்கமும் சுட்டு, குண்டு விழற தூரம் வரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம். அந்த எல்லைக்குள்ள மாட்டின ஊர்கள்தான் குண்டு கிராமங்கள். சர்வேயர் செலவு மிச்சம்!

இதை ஏன் சொல்றேன்னா, அந்தக் காலத்துப் பீரங்கிக்கும் சரி, சிப்பாய் தூக்கின துப்பாக்கிக்கும் சரி, குண்டுக்கு மசகு தேவைப்படலை. குழாயோட வாய் அளவை விட குண்டு நல்லாவே சின்னது. மேல இருந்து போட்டா 'லொடக் லொடக்'னு உருண்டு உள்ளே போயிடும். சுடும்போதும் அப்படித்தான், உள்சுவர்ல இங்கேயும் அங்கேயும் முட்டிக்கிட்டு வெளியே வரும். அதனால குறி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம். ஊர் எல்லை போடறதுக்கு அது போதும். ஒரு ஆளைக் குறி பார்க்கணும்னா போதாது.

இறுக்கமா இருந்தா எண்ணெய் வேணும்

குறி தப்பாம இருக்கணும்னா குண்டு பம்பரம் மாதிரி சுத்திக்கிட்டே போகணும். அதுக்குக் குழலுக்கு உள்ளே திருகு மாதிரி பள்ளம் வெட்டணும், குண்டு அதைக் கவ்விப் பிடிக்கணும். அதான் ரைஃபிள். ஆனா வாய் வழியா குண்டு போடற காலத்துல இறுக்கமான குண்டை உள்ளே இறக்கறது பெரும்பாடு. 1849ல மினியேங்கற பிரெஞ்சு அதிகாரி பேர்ல ஒரு குண்டு வந்துச்சு. வாயை விடக் கொஞ்சமே கொஞ்சம் சின்னதா இருக்கும். போடும்போது இறங்கிடும், சுடும்போது வெடிப்போட அழுத்தத்துல அடிப்பாகம் விரிஞ்சு பள்ளத்தைக் கவ்விக்கும். நல்ல ஐடியா இல்லையா?

இந்த வழியில வந்ததுதான் 1853 மாடல் என்ஃபீல்ட் ரைஃபிள். குழல் விட்டம் 0.577 அங்குலம், குண்டு 0.568 அங்குலம். இடைவெளி ஒரு அங்குலத்துல நூத்துல ஒரு பங்கு கூட இல்லை. அந்தச் சந்துல தோட்டாவைச் சுத்தின காகிதமும் போகணும்.

இதுல இன்னொரு வில்லன் கருமருந்து. அந்தப் பழைய வெடிமருந்து எரிஞ்சா ஏறக்குறைய பாதி புகையாப் போகும், மீதி கரியா, உப்பா குழலுக்குள்ளயே படியும். பத்துப் பதினஞ்சு தடவை சுட்டா அந்த நூலளவு சந்தும் அடைச்சுக்கும். அப்புறம் கம்பியை விட்டு இடிச்சாலும் குண்டு இறங்காது. அதனால குண்டு இருக்கற பக்கத்துக் காகிதத்தை மசகுல முக்கி எடுத்தாங்க. குண்டு வழுக்கிக்கிட்டு இறங்கும், படிஞ்ச கரியையும் இளக்கிவிடும்.

சிப்பாய் என்ன செய்யணும்னா, தோட்டாவோட மருந்துப் பக்கத்தைப் பல்லால கடிச்சுக் கிழிக்கணும், மருந்தைக் குழல்ல கொட்டணும், தோட்டாவைத் திருப்பி மசகு தடவின குண்டுப் பக்கத்தை வாயில சொருகணும், மிச்சக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுட்டுக் கம்பியால இடிச்சு இறக்கணும். கவனிச்சீங்களா? கடிக்கற முனை வேற, மசகு தடவின முனை வேற. வரைபடத்துல பார்த்தா வாய்ல கொழுப்பே படாது. லண்டன்ல மேஜைக்குப் பின்னால உக்காந்தவருக்கு எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சிருக்கும். ஆனா நம்ம ஊர் வெயில்ல, இடுப்புப் பையில ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டுக் கிடக்கற தோட்டாவுல கொழுப்பு எங்கே நிக்கும்? மாட்டுக் கொழுப்பு உருகறது 40 டிகிரி சொச்சத்துல. பன்றிக் கொழுப்பு அதுக்கும் முன்னாடியே இளக ஆரம்பிச்சுடும். தேன்மெழுகு மட்டும்தான் 62, 64 டிகிரி வரைக்கும் தாக்குப் பிடிக்கும். இந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில வேலைக்கு ஆகும்.

1853: டெஸ்டிங் நடந்துச்சு. நல்லாவே நடந்துச்சு!

கம்பெனிக்காரங்க பரிசோதனை பண்ணாம தோட்டாவை இறக்கிட்டாங்கன்னு நினைக்காதீங்க. அங்கேதான் நான் அசந்து போனேன். 1853லயே மசகு தடவின தோட்டாக்களை இங்கிலாந்துல இருந்து இந்தியாவுக்கு அனுப்பினாங்க. இந்த வெயிலும் மழையும் மசகை என்ன பண்ணுதுன்னு பார்க்கறதுதான் நோக்கம். கல்கத்தா, கான்பூர், ரங்கூன்னு மூணு இடம். மூணும் மூணு விதமான தட்பவெப்பம். காவல் வேலையில இருந்த சிப்பாய்களோட இடுப்புப் பையில மாசக்கணக்கா வெச்சிருந்து, அப்புறம் அதிகாரிகள் குழு சோதிச்சு அறிக்கை எழுதி, 1855ல திருப்பி அனுப்பிட்டாங்க. நிஜமான பயனாளி, நிஜமான சூழல், மூணு ஊர், ரெண்டு வருஷம். இன்னிக்கு எந்த ப்ராஜெக்ட்ல இவ்வளவு டெஸ்டிங் பண்றோம், சொல்லுங்க?

ஆனா ஒரே ஒருத்தர் மட்டும் வேற ஒரு கேள்வியைக் கேட்டார். ஹென்றி டக்கர், அப்போ வங்காளப் படையோட அட்ஜுடன்ட் ஜெனரல். 1853 டிசம்பர்ல ராணுவ வாரியத்துக்கு எழுதின கடிதத்துல அவர் சொன்னதோட சாராம்சம் இதுதான்: இந்த மசகு எதுல செஞ்சதுன்னு தெரியணும். சிப்பாய்களோட சாதி, மத நம்பிக்கையை அது புண்படுத்தாதுன்னு உறுதியாகற வரைக்கும் இந்தியப் படைப்பிரிவுகளுக்கு இதைக் கொடுக்க வேண்டாம்.

நம்ம பாஷையில சொன்னா, பக் ரிப்போர்ட். தெளிவான பக். ப்ரொடக்‌ஷனுக்குப் போறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே எழுதினது. அந்தக் கடிதம் கோப்புக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு. யாரும் மறுக்கலை, யாரும் கண்டுக்கவும் இல்லை. பரிசோதனை நடந்த மாசங்கள்ல எந்தச் சிப்பாயும் ஆட்சேபம் சொல்லலை. அதனால பிரச்சனையே இல்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. பையில கிடக்கற மசகு என்னன்னு அவங்களுக்குத் தெரியுமா, யாராவது சொன்னாங்களா? பையில சுமக்கறது வேற, பல்லால கடிக்கறது வேற இல்லையா?

வேலூர்ல ஏற்கனவே வாங்கின அடி

இது கம்பெனிக்குப் புதுப் பாடமா இருந்திருந்தாலாவது மன்னிக்கலாம். அரை நூற்றாண்டுக்கு முன்னாடி நம்ம பக்கத்துலயே வாங்கியிருக்காங்க. 1805 நவம்பர்ல சென்னைப் படைக்குப் புதுத் தலைப்பாகை உத்தரவு வந்துச்சு. அதுல தோல்ல செஞ்ச ஒரு சொருகல். தாடி கூடாது, நெற்றியில மதக்குறி கூடாது, காதுல கடுக்கன் கூடாதுன்னு கூடவே கட்டளை. தோல் எந்த மிருகத்தோடதுங்கற கேள்வி பாளையத்துக்குப் பாளையம் பரவிச்சு. எதிர்த்தவங்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10, விடியறதுக்கு முன்னாடி வேலூர் கோட்டை வெடிச்சுது. நூத்துக்கும் மேல ஐரோப்பியச் சிப்பாய்கள் செத்தாங்க. ஆற்காட்டுல இருந்து கில்லஸ்பி குதிரைப்படையோட வந்து கோட்டையைத் திரும்பப் பிடிச்ச பிறகு நம்ம சிப்பாய்கள் நூத்துக்கணக்குல கொல்லப்பட்டாங்க. திப்புவோட குடும்பம் அங்கே சிறையிருந்ததும் ஒரு காரணம், மறுக்கலை. ஆனா பத்த வெச்சது அந்தத் தலைப்பாகை.

கவர்னர் பெண்டிங்க், படைத்தலைவர் க்ரேடாக் ரெண்டு பேரையும் லண்டன் திருப்பி அழைச்சுக்கிச்சு. தலைப்பாகை உத்தரவும் வாபஸ். ஆனா பாடம் சென்னை மாகாணத்துக் கோப்புகளோட நின்னுடுச்சு போல. வங்காளத்துல தோட்டா வந்தப்ப 'வேலூர்ல என்ன நடந்துச்சு'ன்னு கேக்க ஆள் இல்லை. ஒரு டீம் வாங்கின அடி அடுத்த டீமுக்குத் தெரியாதுங்கறது நம்ம ஆபீஸ்ல மட்டும் இல்லை மக்கா, பழைய வியாதி.

ஒரு சொம்புத் தண்ணி

1856ல கல்கத்தா பக்கமே என்ஃபீல்ட் தோட்டா தயாரிக்க ஆரம்பிச்சாங்க. மசகுக்குக் கொழுப்பு வேணும். கான்ட்ராக்ட் விட்டாங்க. எந்த மிருகத்தோட கொழுப்புன்னு கான்ட்ராக்டருக்கு எந்தக் கட்டுப்பாடும் போடலை. பின்னால விசாரிச்சப்ப, மாட்டுக் கொழுப்பு கலந்திருக்காதுன்னு உறுதி சொல்ல அதிகாரிகளால முடியலை. வதந்தின்னு சொல்றாங்களே, அந்த வதந்திக்கு அடிப்படை இருந்துச்சு. டக்கர் கேட்ட அதே கேள்விக்கு மூணு வருஷம் கழிச்சும் பதில் கிடையாது.

1857 ஜனவரி. டம்டம் ஆயுதசாலையில வேலை செஞ்ச ஒரு தொழிலாளி, ஒரு பிராமணச் சிப்பாய்கிட்ட அவரோட சொம்புல தண்ணி கேட்டார். சாதியைக் காட்டி அவர் மறுத்தார். "பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவின தோட்டாவைக் கடிக்கப் போறீங்களே, அப்போ உங்க சாதி எங்கே போகும்"னு இவர் கேட்டாராம். கேப்டன் ரைட் 22ஆம் தேதி இதை மேலிடத்துக்கு எழுதினார். (இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்சவர் அந்தத் தொழிலாளிதான். பேர் கூடப் பதிவாகலை. தண்ணி மறுத்தவங்க சாதியும் தோட்டா செஞ்சவங்க அலட்சியமும் ஒரே கேள்வியில அம்பலம்.)

இதுல முக்கியமான விஷயம், சிப்பாய்கள் வெறுமனே 'மாட்டோம்'னு சொல்லலை. என்ன மசகு போட்டா சரிப்படும்னு கேட்டதுக்கு அவங்களே பதில் சொன்னாங்க: தேன்மெழுகும் எண்ணெயும் கலந்து போடுங்க. கடைத்தெருவுல கிடைக்கற சாமான். பாரக்பூர்ல ஜெனரல் ஹியர்ஸியும் சிப்பாய்களே வாங்கித் தடவிக்கட்டும்னு சிபாரிசு பண்ணினார். ஜனவரி 27ஆம் தேதி அரசாங்கமும் சரின்னுடுச்சு. ஆனா படைத்தலைமையில இருந்து ஒரு தந்தி: 'ஆட்டுக் கொழுப்பும் மெழுகும் கலந்த தோட்டாவைச் சிப்பாய்கள் ஏற்கனவே பயன்படுத்திக்கிட்டுத்தான் இருக்காங்க, இப்போ புதுசா உத்தரவு போட்டா இல்லாத சந்தேகம் கிளம்பும்' அப்படிங்கற ரீதியில.

சந்தேகம் ஏற்கனவே கிளம்பி ஊர் சுத்திக்கிட்டிருந்துச்சு.

சிப்பாய்களோட லேப்

பிப்ரவரியில பிரச்சனை மசகுல இருந்து காகிதத்துக்குத் தாவிச்சு. புதுத் தோட்டாக் காகிதம் பளபளன்னு விறைப்பா இருந்துச்சு, பழசு மாதிரி இல்லை. பிப்ரவரி 6ஆம் தேதி பாரக்பூர்ல விசாரணை. சாட்சி சொன்ன சிப்பாய்கள்ல ஒருத்தர் அந்தக் காகிதத்தைக் கொளுத்திப் பார்த்திருக்கார். சடசடன்னு எரிஞ்சுது, கொழுப்பு வாடை வந்துச்சுன்னு சொன்னார். அவருக்கு இருந்த வசதியில ஒரு பரிசோதனை! அரசாங்கமும் காகிதத்தைக் கல்கத்தா ரசாயனப் பரிசோதகர்கிட்ட அனுப்பிச்சு. காகிதத்துல கொழுப்பு எதுவும் சேர்க்கலைன்னு ரிசல்ட் வந்துச்சு.

ரசாயனப்படி அரசாங்கம் சொன்னது சரி. ஆனா அந்த ரிசல்ட்டை யார் நம்புவாங்க? 'மசகுல என்ன இருக்கு'ங்கற நேரடிக் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லாதவங்க, 'காகிதத்துல ஒண்ணும் இல்லை'ன்னா எடுபடுமா? நம்பிக்கை போன பிறகு டெஸ்ட் ரிப்போர்ட் வெறும் காகிதம்தான்.

மார்ச்ல, கடிக்க வேண்டாம், கையாலேயே கிழிச்சுக்கலாம்னு பயிற்சி முறையை மாத்தினாங்க. அதுக்குள்ள பிப்ரவரி 26ஆம் தேதியே பெர்ஹாம்பூர்ல 19ஆம் படைப்பிரிவு மறுத்தாச்சு. அவங்களுக்குக் கொடுத்தது பழைய மாதிரித் தோட்டாதான். மார்ச் 29, பாரக்பூர்ல மங்கள் பாண்டே. ஏப்ரல் 8ல அவருக்குத் தூக்கு. ஏப்ரல் 24, மீரட்ல குதிரைப்படை வீரர்கள் 90 பேர்ல 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தாங்க. அதுவும் பழைய மசகில்லாத் தோட்டா. மே 9ஆம் தேதி மொத்தப் படையும் பார்க்க அந்த 85 பேருக்கு விலங்கு. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

தோட்டா மட்டுமே காரணம்னு நான் சொல்லவரலை. 1856ல அவத் நாட்டை விழுங்கினது, கடல் தாண்டியும் போகணும்னு அதே வருஷம் போட்ட படைச்சேர்ப்புச் சட்டம், சம்பளம், நிலவரின்னு மருந்து ஏற்கனவே குழல்ல ரொம்பியிருந்துச்சு. ஆனா தீப்பொறி மசகுல இருந்து வந்துச்சு. 1858 ஆகஸ்ட்ல சட்டம் போட்டுக் கம்பெனி ஆட்சியை முடிச்சுட்டாங்க. சுபேதார் மாமா சொன்னது சரிதான், இழுத்து மூடியாச்சு.

இப்போதான் க்ளைமாக்ஸ்

மதம், சாதி, அரசியல் எல்லாத்தையும் ஒரு பக்கம் ஓரங்கட்டிடுவோம். வெறும் இன்ஜினியரிங்கா மட்டும் பார்த்தா, அந்தக் கொழுப்பு நல்ல மசகுதானா?

இல்லை! இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சூடான நாட்டுல கொழுப்பு உருகிக் காகிதத்துக்குள்ள ஊறிப் போயிடுது. மசகு இருக்க வேண்டிய இடத்துல மசகு இல்லை. போதாததுக்கு, நாள்பட்ட கொழுப்புல அமிலம் உண்டாகி ஈயக் குண்டை அரிக்குது. குண்டு மேல பொருக்கு கட்டி, ஏற்கனவே நூலளவா இருந்த சந்தை அடைக்குது. ஆங்கிலேயச் சிப்பாய்களே இந்திய வெயில்ல குண்டை இறக்க முடியாம திண்டாடியிருக்காங்க. உல்விச் ஆயுதக் கூடத்துல எட்வர்ட் பாக்ஸர்ங்கற அதிகாரி இதைத் தோண்டி எடுத்தார். 1850களோட கடைசியில குண்டோட விட்டத்தை 0.568ல இருந்து 0.55 அங்குலமாக் குறைச்சாங்க. மசகு? கொழுப்பைத் தூக்கிப் போட்டுட்டு, தேன்மெழுகு.

தேன்மெழுகுங்க! 62 டிகிரி வரைக்கும் நிக்கற அதே தேன்மெழுகு. 1857 ஜனவரியில டம்டம்ல சிப்பாய்கள் கையைக் காட்டின அதே சாமான். அவங்க மதத்தைக் காப்பாத்திக்கச் சொன்னாங்க. ஆனா இந்த மண்ணோட வெயில்ல எது உருகும், எது நிக்கும்னு தினம் பார்க்கற ஆட்கள் இல்லையா? உல்விச் ஒரு பெரிய போருக்கு அப்புறம் வந்து சேர்ந்த பதிலுக்குப் பக்கத்துல, பயனாளிகள் முதல் வாரத்துலயே நின்னுக்கிட்டிருந்தாங்க. டக்கர் கேட்டதுக்குக் காது கொடுத்திருந்தா, 1853லயே மெழுகு பக்கம் போயிருப்பாங்க. மதப் பிரச்சனையும் தீர்ந்திருக்கும், ரைஃபிளும் ஒழுங்கா வேலை செஞ்சிருக்கும்.

இதே பாக்ஸர்தான் 1866ல உலோகத் தோட்டாவைக் கொண்டு வந்தவர். கடிக்கற வேலையே ஒழிஞ்சுது. இன்னிக்குப் பல பிஸ்டல் தோட்டாக்களோட அடியில இருக்கற வெடிபொட்டு வகைக்கு அவர் பேர்தான். குண்டுக்குச் செம்பு உறை வந்த பிறகு மசகு தோட்டாவை விட்டு இறங்கி ஸ்லைடுத் தடத்துக்குப் போயிடுச்சு. பிரிட்டிஷ் படை துப்பாக்கிக்குப் போட்டது பர்மாவுல பூமிக்கடியில எடுத்த ரங்கூன் எண்ணெய். கல் எண்ணெய்க்குப் பசுவும் தெரியாது, பன்றியும் தெரியாது. அந்தத் தோட்டாக்களைச் சோதிச்ச மூணு ஊர்ல ஒண்ணு ரங்கூன்ங்கறது தனி நக்கல்.

நான் மூடின பக்

இவ்வளவு நேரம் வெள்ளைக்காரனை நக்கலடிச்சாச்சு. இப்போ என் கதை.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அமெரிக்க கஸ்டமருக்கு மெம்பர்ஷிப் அப்ளிகேஷன் ஒண்ணு செஞ்சோம். (பேரெல்லாம் வேண்டாம்.) முதல் பெயர், கடைசிப் பெயர் ரெண்டும் கட்டாயம். கடைசிப் பெயர்ல குறைஞ்சது ரெண்டு எழுத்து. விருத்தாசலம் பக்கத்துல இருந்து வந்த ஒரு டெஸ்டர் பொண்ணு பக் போட்டுச்சு: "எங்க வீட்டுல யாருக்கும் கடைசிப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரே எழுத்து. நாங்க எப்படி இதுல பதிவு பண்றது?"

எனக்கும் கடைசிப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டுக்காக அப்பா பேரை ஒட்டிக்கிட்டவன்தான் நானும். அப்படியும் என்ன பண்ணினேன் தெரியுமா? 'ரெக்வயர்மென்ட்படி சரியா வேலை செய்யுது'ன்னு எழுதி பக்கை மூடிட்டேன். அந்தப் பொண்ணு ஒருதடவை நேர்ல வந்து, "அண்ணா, நிஜமாவே யோசிச்சுத்தான் மூடினீங்களா?"ன்னு கேட்டுச்சு. "ரிலீஸ் முடியட்டும்மா, பார்த்துக்கலாம்"னு அனுப்பிட்டேன். ரிலீஸ் ஆன மறுவாரமே தென்னிந்தியாவுல இருந்தும் இந்தோனேசியாவுல இருந்தும் புகார் மேல புகார். ஒரே பெயர் வெச்சிருக்கற ஆட்கள் உலகத்துல எத்தனை பேர்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. சரி பண்ணத் தேவைப்பட்டது முக்கா நாள் வேலை. ராத்திரியோட ராத்திரியா உக்காந்து பண்ணினோம். யாரும் சாகலை, எந்தக் கம்பெனியும் மூடலை. ஆனா அந்தப் பொண்ணு அப்புறம் மீட்டிங்ல வாயைத் திறக்கறதே குறைஞ்சு போச்சு. அதைச் சரி பண்ண எந்த பேட்ச்சும் இல்லை.

டக்கர் கடிதத்தைப் படிச்சப்ப எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்தப் பொண்ணோட முகம்தான். ராணுவ வாரியத்து ஆட்கள் முட்டாளும் இல்லை, கெட்டவங்களும் இல்லைன்னு எனக்குத் தோணறதுக்கும் அதுதான் காரணம். மூணு ஊர்ல ரெண்டு வருஷம் சோதிச்சவங்க அவங்க. தங்களுக்கு எது முக்கியமோ அதை மட்டும் சோதிச்சாங்க. வெயில் தாங்குமா, மழை தாங்குமா, அவ்வளவுதான். கடிக்கப் போற வாய் யாரோடதுங்கற கேள்வி அவங்க டெஸ்ட் கேஸ் லிஸ்ட்ல இல்லை. கேட்ட ஒருத்தரும் 'ரெக்வயர்மென்ட்ல இல்லாததைப் பேசறவர்' ஆயிட்டார். நான் மூடினதும் அதே மாதிரி ஒரு பக்தானே?

போன வாரம் அந்தப் பொண்ணுக்கு மெயில் போட்டேன். 'அன்னிக்கு நான் யோசிக்காமத்தான் மூடினேன்'னு ஒரே வரி. இப்போ வேற கம்பெனியில லீடாம். சிரிப்புப் பொம்மை ஒண்ணு மட்டும் பதிலா வந்துச்சு. போதும்.

ஊர்ல இருந்து கிளம்பற அன்னிக்கு மாமா கேட்டை ஒருதரம் ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. தையல் மிஷின் எண்ணெய், ரெண்டே சொட்டு. "சித்திரையில வந்து இன்னொரு தரம் ஆட்டிப் பாரு தம்பி, அப்போதான் டெஸ்ட் முடிஞ்சுதுன்னு அர்த்தம்"னார் மாமா.

டிஸ்கி: தேங்காய் எண்ணெய் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்லை. தலைக்குத் தடவிக்கிட்டுத்தான் இந்தப் பதிவையே எழுதினேன்.